கம்ப்யூட்டர் தானே அணைகிறதா? பாகத்தை மாற்றுமுன் நேரத்தைக் குறித்து வையுங்கள்

நமது உறுப்பினர் கடைகளில் தராசுக்கு அடுத்தபடி இன்றியமையாத பொருள் எது என்று கேட்டால், இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பவும் ஈ-வே பில் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், பதிவு பெற்ற வியாபாரிக்குப் போடும் ஒவ்வொரு வரி பில்லுக்கும் ஈ-இன்வாய்ஸ் எண் வாங்கியாக வேண்டும். முன்பெல்லாம் கரண்ட் இல்லையென்றால் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சிட்டை எழுதி, கார்பன் தாள் வைத்து பில் போட்டு லாரியை அனுப்பிவிடுவோம். இப்போது கம்ப்யூட்டர் எழுந்தால்தான் லாரி எழும்.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். வாசலில் நிற்கும் சில்லறைக் கடைக்காரர் பக்கத்துக் கடையை எட்டிப் பார்ப்பார். பாதி போட்ட பில் ஏறியதா, ஏறவில்லையா என்று தெரியாமல் அதே பில்லை இரண்டாம் முறை போட்டு, மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்கும். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3-பி என்று தேதிகள் கழுத்தைப் பிடிக்கும் வாரத்தில்தான் இந்தக் கோளாறும் தலைகாட்டும். இவ்வளவுக்கும் மேலே இன்னொன்று உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மேல் பழி விழும். "நீ எதையோ அமுக்குறே" என்ற பேச்சைக் கேட்காத பில் பிள்ளை நம் ஊர்க் கடைகளில் இருக்க முடியாது.

நம்மில் பெரும்பாலோர் கடையில் இருப்பது கம்பெனிப் பெட்டி அல்ல. மதர்போர்டு ஒரு இடத்தில், பிராசஸர் ஒரு இடத்தில், கேபினட் ஒரு இடத்தில் என்று வாங்கி, தெரிந்த பையனோ, வீட்டுப் பிள்ளையோ பூட்டிக் கொடுத்த பெட்டிதான். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் பார்த்து வாங்கி வந்து பூட்டியவர்களும் நம்மில் உண்டு. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. வியாபாரிக்கு ஏற்றது அதுதான் என்பது நமது கருத்து. ஒரு பாகம் போனால் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம், எந்த ஊரிலும் கிடைக்கும், பணமும் குறைவு.

ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது, அதை நம்மைப் போன்ற பலசரக்கு வியாபாரிகள்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். சாம்பார் பொடியில் கசப்பு இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், வத்தல் கொடுத்தவர் மல்லியைக் காட்டுவார், மல்லி கொடுத்தவர் வெந்தயத்தைக் காட்டுவார், அரைத்துக் கொடுத்த மில்காரர் மூன்று பேரையும் காட்டுவார். வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி பில், தனித்தனி வாரண்டி. மொத்தப் பெட்டிக்கு ஜவாப் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் பெட்டி அணையும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றி, கடைசியில் புதுப் பெட்டியே வாங்கிவிடும் நிலைக்கு நம் உறுப்பினர்கள் பலர் தள்ளப்படுகிறார்கள். புதுப் பெட்டியும் அதே இடத்தில், அதே பிளக்கில், அதே தூசியில் உட்கார்ந்து ஆறு மாதத்தில் அணைந்தால் அப்போது யாரைக் கேட்பது?

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். 2019-இல் வீட்டில் எங்கள் இளைய மகன் பூட்டிய பெட்டி அது. நான்கு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. 2023 ஏப்ரலில் அணைய ஆரம்பித்தது. எச்சரிக்கை இல்லை, திரையில் ஒரு எழுத்து இல்லை, விளக்கை அணைத்தது போல் இருட்டு. பழுது பார்க்க வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "அண்ணாச்சி, போர்டு போயிடுச்சு. இதுக்குச் செலவு பண்றது வீண். 32,000-த்துல புதுசு போட்டுத் தாரேன்" என்றார். கடையில் வேறு பேச்சும் ஓடியது. பில் போடுகிற பிள்ளை வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் வந்தபிறகுதான் இப்படி ஆகிறது என்று ஒருவர் சொல்ல, நால்வர் தலையாட்டினார்கள்.

நாங்கள் இரண்டுக்கும் அவசரப்படவில்லை. பழைய சிட்டைப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்து, அந்தப் பிள்ளையிடமே கொடுத்தோம். அணைந்த தேதி, மணி, அப்போது நடந்துகொண்டிருந்த வேலை, திரும்பப் போட்டபின் எத்தனை நிமிடம் ஓடியது. இவ்வளவுதான் எழுத வேண்டும். பன்னிரண்டு நாளில் பதினேழு தடவை அணைந்திருந்தது. பதினேழில் பதினொன்று, பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில். அந்தப் பதினொன்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது: அணைந்த உடனே திரும்பப் போட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி அணையும், சாப்பிட்டுவிட்டு வந்து அரைமணி கழித்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும்.

இதைப் படித்தால் கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் விஷயம் விளங்கும். சூடு. பிராசஸர் என்கிற சில்லுக்குள்ளேயே வெப்பம் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால், தான் கருகிப் போகாமல் இருப்பதற்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே அணைவது நோய் அல்ல, நோயிலிருந்து தப்பிக்கும் வழி. போர்டு கெட்டிருந்தால் காலை ஒன்பது மணியும் பகல் இரண்டு மணியும் அதற்கு ஒன்றுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம். உள்ளே பார்த்ததை மறக்க முடியாது. பிராசஸர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையில் கம்பளி விரித்தது போல் ஒரு படலம். வத்தல் தூசி, மல்லித் தூசி, சாக்கு நார் எல்லாம் சேர்ந்து காய்ந்து கிடந்தது. விசிறி சுற்றுகிறது, காற்று உள்ளே போகவில்லை. அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பலசரக்குக் கடைக் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே வருடத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும். நம் கடையில், அதுவும் மாசி பங்குனியில் புது வத்தல் மூட்டை இறங்கும் சமயத்தில், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்றும் கண்டோம். அந்த விசிறியைப் போர்டில் பிடித்து வைக்கும் நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளில் ஒன்று மேலே எழும்பி நின்றது. ஒரு மூலை தூக்கினால் போதும், அலுமினியம் சில்லின் மேல் படியாது. இடையில் தடவும் பசையும் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. தூசி தட்டி, பழைய பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, நான்கு கொக்கியும் 'டக்' என்று சத்தம் கேட்க அமுக்கினோம். பசைக்கு 150 ரூபாய். பகல் நேர அணைப்பு அன்றோடு நின்றது.

சூட்டை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். பெட்டியைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்-2 பொத்தானைத் தட்டினால் பயாஸ் என்ற பக்கம் வரும். அதில் பிராசஸரின் வெப்பம், விசிறியின் சுற்று, 12 வோல்ட், 5 வோல்ட் எல்லாம் எண்ணில் தெரியும். ஒரு வேலையும் செய்யாமல் அந்தப் பக்கத்தில் நிற்கும்போதே வெப்பம் 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஆனால் பதினேழில் பதினொன்று போக மீதி ஆறு இருக்கிறதே! அடுத்த வாரமும் நான்கு தடவை அணைந்தது. இரண்டு காரணம் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும்போதுதான் மக்கள் குழம்பிப்போய், "பசை மாற்றியும் சரியாகவில்லை, போர்டுதான்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். நம் புத்தகத்தில் மூன்றாவது கட்டம் இதற்கு உதவியது. அந்த நான்கு தடவையும், முந்தைய ஆறும், லேசர் பிரிண்டரில் தாள் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்கித் தாளில் ஒட்ட ஒரு ஹீட்டர் இருக்கிறது. தாள் ஓடும் ஒவ்வொரு முறையும் அது திடீரென்று பெரிய அளவில் கரண்ட் இழுக்கும். 600 வி.ஏ. என்று எழுதிய நம் கடை யு.பி.எஸ். 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். அதில் எக்ஸ்டென்ஷன் போட்டு பிரிண்டரையும் சொருகியிருந்தது. ஹீட்டர் இழுக்கும்போது யு.பி.எஸ். பேட்டரிக்குத் தாவும், பேட்டரியோ நான்கு வருடப் பழசு, தாங்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகக்கூடாது என்று யு.பி.எஸ். டப்பாவில் வரும் தாளிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றினோம். யு.பி.எஸ்.ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாகப் போட்டோம். ஆயிரம் ரூபாய் சுமார். 32,000 ரூபாய் மிச்சம். அந்தப் பிள்ளை இன்றும் எங்கள் கடையில்தான் இருக்கிறான். இப்போது கொள்முதல் கணக்கும் அவன் பொறுப்பு.

புத்தகத்தில் எழுத ஆள் இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விண்டோஸ் தானே ஒரு நாள்வழி எழுதிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் 'ஈவெண்ட் வியூவர்' என்று வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். 'கெர்னல் பவர்' 41 என்று சிவப்பில் ஒரு வரி இருந்தால், அதற்கு முன் பெட்டி முறைப்படி அணைக்கப்படவில்லை என்று பொருள். காரணத்தை அது சொல்லாது. 41-ஐப் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 1074 என்ற எண் இருந்தால் விஷயமே வேறு. யாரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருள் முறைப்படி அணைத்திருக்கிறது. யார், எது என்ற பெயரும் அந்த வரியிலேயே இருக்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு தானே அணைந்து எழுவதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பழுது பார்க்கக் கூலி கொடுத்தவர்களையும் நாம் அறிவோம். முப்பது நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிப்போகும்படி வைத்திருக்கும் பெட்டியை, அணைந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

அணைகிற விதத்தையும் பார்க்க வேண்டும். விளக்கணைத்தாற்போல் இருட்டாகி விசிறியும் நின்றால் சூடு, மின்சாரம், சுவிட்ச் இந்த மூன்றில் தேடுவது நல்லது. நீலத்திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டுத் திரும்ப எழுந்தால் ராம், ஹார்ட் டிஸ்க், மென்பொருள் பக்கம் போக வேண்டும். ராம் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் சொருகினால் பாதி நோய் தீரும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் வந்தபோது, 60 விநாடியில் அணையப் போகிறேன் என்று திரையில் எண்ணிக் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர்கள் அணைந்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் மதர்போர்டை மாற்றிக் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் இருந்தார்கள்!

சுவிட்ச் என்று சொன்னோமே, அதைப் பலரும் நினைப்பதே இல்லை. பெட்டியின் முகப்பில் இருக்கும் பொத்தானை நான்கு விநாடி தொடர்ந்து அமுக்கினால் எந்தக் கம்ப்யூட்டரும் பட்டென்று அணையும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நம் கடையில் அந்தப் பொத்தானில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அமுக்கினால் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளும். தரையில் வைத்த பெட்டியாக இருந்தால் சாக்கு மூட்டை சாய்ந்து அமுக்கும். சோதிப்பது சுலபம். பெட்டி எழுந்தபின், அந்தப் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரண்டு முள் வயரை உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் வேலை முடிந்தது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

நாம் அதிகம் சொல்ல விரும்புவது எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்பெட்டியைப் பற்றி. பூட்டும்போது பிராசஸருக்குப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கிறோம். ராம் கொஞ்சம் கூடவே போடச் சொல்கிறோம். மிச்சம் பிடிப்பது எல்லாம் இந்தப் பெட்டியில்தான். பல சமயம் கேபினட்டோடு இலவசமாக வந்ததையே மாட்டிவிடுகிறோம். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். சாக்கின் மேல் 50 கிலோ என்று அச்சிட்டிருப்பதால் உள்ளே 50 கிலோ இருக்கிறது என்று நம்மில் யாராவது எடை போடாமல் பணம் கொடுப்போமா? கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல பெட்டியில் காயிலும் தகடும் சேர்ந்து கனமாக இருக்கும். மலிவுப் பெட்டி தகர டப்பா மாதிரி லேசாக இருக்கும். கனம் மட்டுமே சாட்சி என்று சொல்லவில்லை. 80 பிளஸ் முத்திரை, பேர் தெரிந்த தயாரிப்பாளர், மூன்று வருடத்துக்குக் குறையாத வாரண்டி, இவற்றையும் பார்க்க வேண்டும்.

யு.பி.எஸ். நன்றாக இருந்தும், கரண்ட் போகும்போதெல்லாம் பெட்டி அணைகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நாம் வாங்கும் சாதாரண யு.பி.எஸ்.ஸில், கரண்ட் போனதைக் கண்டு பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாங்கும் அளவு மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். தனக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். மலிவுப் பெட்டியில் அந்தக் கெப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். யு.பி.எஸ். மாறுவதற்குள் பெட்டி மூச்சை விட்டுவிடும். நாமோ யு.பி.எஸ்.ஸைத் திட்டிக்கொண்டு அதை மாற்றுவோம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். பெட்டி வேலை செய்யும்போது, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து ஏற்ற இறக்கம் அனுமதி. அதாவது மஞ்சளில் 11.40-க்குக் கீழே இறங்கினால் பெட்டி சரியில்லை. இப்போது எல்லா வயரும் கறுப்பாக வரும் பெட்டிகளும் உண்டு. அவற்றை அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள். எதுவாக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திருகாணியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சேமிப்பு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். அதன் காற்றுத் துவாரம் வழியாகப் பல்லி போய் ஒட்டிக்கொண்டு, டப் என்ற சத்தத்தோடு பெட்டி போவது நம் பக்கம் சாதாரணம். அதற்காகக் கம்பியை விட்டுக் குத்தவும் வேண்டாம்.

சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். பக்கத்தில் மாவு மில்லோ எண்ணெய்ச் செக்கோ இருந்தால், மோட்டார் எழும் நேரத்தில் அளந்து பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கோடையில் அந்தக் குழி காய்ந்து கிடக்கும். உப்பும் கரியும் போட்டு மூடிய பழைய குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் கடைகளில் விட்டுப்போய்விட்டது.

மதர்போர்டு ஒருபோதும் கெடாது என்று நாம் சொல்லவில்லை. 2000-க்குப் பின் வந்த ஐந்தாறு வருடங்களில், உலகம் முழுவதும் பல போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்தன. அந்தக் காலத்துப் போர்டுகளில் அணைவதற்கு அதுவே பெரிய காரணம். இப்போதும் போர்டில் நிற்கும் சின்ன உருளைகளில் ஏதாவது தலை வீங்கியிருந்தாலோ, பழுப்பாய்க் கசிந்திருந்தாலோ போர்டு போனதற்கு அது கண்ணால் காணும் சாட்சி. கண்ணால் காட்டச் சொல்லுங்கள். போர்டுக்குக் கீழே திருகாணி ஒன்று விழுந்து கிடந்து ஷார்ட் ஆவதும், வீட்டில் பூட்டிய பெட்டிகளில் நடப்பதுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரியை மாற்றச் சொல்லி எல்லோரும் யோசனை சொல்வார்கள். அது போனால் தேதியும் மணியும்தான் தவறும். பெட்டி ஓடும்போது அணைவதற்கு அது பெரும்பாலும் காரணமாக இருக்காது. ஆனால் தேதி தவறிப்போன பில்லை அனுப்பிவிட்டு ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, அதை மாற்றிவிடுவதே மேல்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஒரே நாளில் பசை, ராம், எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் மாற்றிவிட்டு, அணையவில்லை என்று மகிழ்ந்தால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றுக்கும் பணம் கொடுப்போம். ஒன்றை மாற்றி, முன்பு எத்தனை நாளுக்கு எத்தனை தடவை அணைந்ததோ அத்தனை நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். பொறுமை இல்லாமல் இந்த வேலை ஆகாது.

இதற்கிடையில் கணக்குக்குப் பாதுகாப்பு வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கணக்குக் கோப்பு சேதமாகும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர் தக்க பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதியே சொல்கிறது. அணைந்துவிட்டது, அழிந்துவிட்டது என்ற ஜவாப் அதிகாரியிடம் எடுபடாது. இரண்டு பென் டிரைவ் வாங்கி நாள் மாற்றி நாள் பிரதி எடுங்கள். ஒன்று கடையில், மற்றது வீட்டில்.

இனி நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. இவ்வளவும் சொன்னாலும், எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளியா என்று உறுதியாக அறிய ஒரே வழி, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு பெட்டியை மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதுதான். அந்த இன்னொரு பெட்டிக்குச் சின்னக் கடைக்காரர் எங்கே போவார்? வாங்கித்தான் பார்க்க வேண்டும். காரணம் அது இல்லை என்றால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் முடங்கும். பழுது பார்ப்பவரிடம் கேட்டாலோ, மாட்டிவிட்டு அதற்கு விலையையும் எழுதிவிடுவார். முப்பது மூட்டை அரிசி விற்றால் மிஞ்சும் காசு என்ன என்று நமக்குத் தெரியும்.

சங்க அலுவலகத்தில் எடைக்கல் சரிபார்க்க ஒரு செட் வைத்திருந்த காலம் உண்டு. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் கொண்டுபோய்த் தம் கல்லை ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதே போல் சோதனை செட் ஒன்றைச் சங்கம் வாங்கி வைக்க வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, புது பேட்டரியுடன் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, இப்போது புழக்கத்தில் இருக்கும் இரண்டு வகை ராம் பட்டைகள், ஒரு மல்டிமீட்டர், ஒரு டியூப் பசை. 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குக் கொடுக்கலாம். திரும்பி வரும்போது மானேஜர் பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பலாம். மார்ச் கடைசி வாரத்திலும், ஒவ்வொரு மாதம் 8 முதல் 20-ஆம் தேதி வரையிலும் ஒருவருக்கு மூன்று நாள் என்று குறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சுற்றி வரும். எந்தக் கடைக்குப் போனது, என்ன கோளாறு, எதனால் சரியானது என்று அதற்கும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த நோட்டே பாதிக் கோளாறுக்கு ஜவாப் சொல்லும்.

அடுத்த செயற்குழுவில் இதை எழுத்து மூலம் வைக்கிறோம். செட் வாங்கும் செலவில் எங்கள் கடைப் பங்காக யு.பி.எஸ்.ஸை நாங்களே கொடுத்துவிடுகிறோம். வழிமொழிய விருப்பமுள்ள உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்பாகச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.